தப்பு உருண்டை

என் எஸ்தர் டீச்சருக்கு,

நலமா என்று கேட்க வாய் வருகிறது. எட்டு மாதமாக மண்ணுக்குள் இருக்கிறவளிடம் அதை எப்படிக் கேட்பது? நான் நலம் என்று எழுதினாலும் நீ நம்பப் போவதில்லை. ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். நீ என்னைப் பெரிய குழப்பத்தில் விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், பள்ளிக்கூடத்தில் உன் இடத்துக்கு வந்திருக்கும் நித்யா டீச்சர் நம் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பெரிய கட்டைப்பை. உன் மேசையில் கிடந்த சாமான் எதையாவது கொண்டு வந்திருப்பார் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு பையைப் பிரித்தேன். உள்ளே இருந்தது நம் துணி பூமி.

பதினாலு வருடத்துக்கு முன், எட்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்த வேண்டும் என்று நீ கேட்டாய். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டரான நான் வெட்டுத் துண்டுகளை வைத்துச் செய்து கொடுத்தேன். ஒரு அடி அகலத்தில் பாதி உருண்டை, உடைத்த தேங்காய் மூடி மாதிரி. தட்டையான பக்கத்தைத் திருப்பினால் பூமியின் வயிற்றுக்குள் இருப்பதெல்லாம் வட்டம் வட்டமாகத் தெரியும். நடுவில் மஞ்சள், அது உட்கருவம். அதைச் சுற்றி ஆரஞ்சு, வெளிக்கருவம். பிறகு சிவப்பு, கவசம். எல்லாவற்றுக்கும் வெளியே காப்பிக்கொட்டை நிறத்தில், நாம் நிற்கிற மேலோடு. இத்தனை வருடத்தில் சாயம் கொஞ்சமும் மங்கவில்லை, எஸ்தர். நம் ஊர்ச் சாயம்.

நித்யா டீச்சர் தயங்கித் தயங்கித்தான் பேசினார்.

"ஏனுங்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. நெம்ப அழகா இருக்குதுங்க. ஆனா மேலோடு மட்டும் இத்தன தடிப்பா இருக்கக் கூடாதுங்க. பசங்களுக்குக் கண்காட்சி வருது. அந்த மேல் துணிய மட்டும் பிரிச்சு எடுத்துட்டு, மெல்லிசா ஒண்ணு போட்டுத் தர முடியுங்களா? திங்கக்கெழம வந்து வாங்கிக்கறனுங்க."

எனக்குச் சுருக்கென்றது. தப்பா? பதினாலு வருடம் கழித்தா?

நான் அதை எப்படி யோசித்துச் செய்தேன் என்று உன்னிடம் சொன்னதில்லை. குளிர்நாட்டுக்குப் போகும் சரக்கில் உடம்பை ஒட்டி மெல்லிய சிங்கிள் ஜெர்சி இருக்கும். அதற்கு மேல் கொஞ்சம் கனமான இன்டர்லாக். எல்லாவற்றுக்கும் வெளியே தடித்த ஃப்ளீஸ். பூமி தன் சூட்டை உள்ளே வைத்துக்கொண்டு வெளியே குளிரில் நிற்கிறது என்று நீதான் சொன்னாய். அப்புறம் நான் வேறு எப்படி வெட்டுவேன்? ஃப்ளீஸை மடித்து மடித்து இரண்டு அங்குலத் தடிப்பில் மேலோடு போட்டேன். திருப்பூர்க்காரன் பூமி செய்தால் அப்படித்தான் இருக்கும்.

அன்றைக்கு நீ அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். உன் வாய் ஓரத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. "நெம்ப நல்லா இருக்குதுங்க மாமா. இப்புடியே கொண்டு போறேன்" என்றாய். மேலோட்டின் ஓரத்தை மெஷினில் கொடுத்து அடிக்கிறேன் என்றதற்கு விடவில்லை. "இந்த ஓரம் மட்டும் நான் தைக்கறனுங்க" என்று ஊசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாய். அறுந்த பட்டனைத் தைக்கக்கூட என்னிடம் நீட்டுகிறவள். நீல நூலில், ஒரு தையல் பெரிதும் ஒரு தையல் சிறிதுமாக, பன்றி உழுத வயல் போலத் தைத்து வைத்தாய். அந்தத் தையலைப் பிரித்தால்தான் மேலோட்டை எடுக்க முடியும். நித்யா டீச்சருக்கு அது தெரியாது.

மறுநாள் உருண்டையைக் கம்பெனிக்கு எடுத்துப் போனேன். கட்டிங் டேபிளின் கோடியில் வைத்து, நூல் வெட்டும் கட்டரையும் பக்கத்தில் வைத்தேன். முதல் தையலில் கட்டரை நுழைத்தேன். வெட்டக் கை வரவில்லை. அப்போது செக்கிங்கில் இருக்கும் செல்வி அந்தப் பக்கம் வந்தாள். உன் பழைய மாணவிதான்.

"அட, தப்பு உருண்டைங்களா மாஸ்டர்! இன்னும் இருக்குதுங்களா?" என்று கத்தினாள். கத்திவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன உருண்டை?" என்றேன்.

"ஒண்ணுமில்லீங்க மாஸ்டர்."

விடுவேனா? டீச்சரே போய்ச் சேர்ந்த பிறகு என்ன ரகசியம் என்று பிடித்துக்கொண்டேன். அவள் கண் கலங்கிவிட்டது. பிறகு சொன்னாள்.

"வருசா வருசம் இத மேசை மேல வெச்சு, 'இது என்ற ஊட்டுக்காரரு பண்ணுனது. இதுல ஒரு தப்பு இருக்குது, கண்டுபுடிங்க'ம்பாங்க. கண்டுபுடிச்சவங்களுக்குக் கடலமுட்டாயி. அப்பறம் ஒண்ணு சொல்லுவாங்க. 'நாம நிக்கற எடம் இத்தன மெல்லிசுன்னு தெரிஞ்சா அவரு மனசு தாங்காது சாமி. அதுனாலதான் தடிப்பாப் போட்டிருக்காரு. யாரும் அவருகிட்டச் சொல்லிராதீங்க.' நாங்க யாருமே சொல்லுலீங்க மாஸ்டர்."

எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்ல? பதினாலு வருட எட்டாம் வகுப்பு. அதில் பாதிப் பேர் இப்போது இந்த ஊர்க் கம்பெனிகளில்தான் இருக்கிறார்கள். எங்கள் கம்பெனியிலேயே ஐந்தாறு பேர். காலையில் என்னைப் பார்த்ததும் "வணக்கங்க மாஸ்டர்" என்று ஒரு மாதிரியாகச் சிரிப்பார்கள். மரியாதை என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்! ஊருக்கே தெரிந்தது, எனக்கு மட்டும் தெரியவில்லை. நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மறுநாளே பிரித்துச் சரிசெய்திருப்பேனே. ஏன் சொல்லவில்லை?

மற்றதெல்லாம் சொன்னவள்தானே நீ. பூமியின் நடுவில்தான் சூடு அதிகம், ஆனாலும் அங்கே உருகாமல் கெட்டியாக இருக்கிறது என்றாய். அது எப்படி என்று சண்டைக்கு வந்தேன். மேலே இருக்கிற பாரம் மொத்தமும் அழுத்துகிறது, உருகக்கூட இடமில்லை என்றாய். கவசம் கல்தான், ஆனாலும் நகர்கிறது, அதன் மேல் தட்டுத் தட்டாக நாடுகளெல்லாம் போய்க்கொண்டிருக்கின்றன என்றாய். கல் எப்படி நகரும் என்று சிரித்தேன். நீ கேட்டாய்: "ரோலப் பிரிச்சு டேபிள்ல போட்ட துணி மறுநா ரெண்டு இஞ்சு சுருங்கிக் கெடக்குதுங்கறீங்களே. யாராச்சும் புடிச்சு இழுத்தாங்களா? நகர்றத நீங்க கண்ணுல பாத்தீங்களா?" பின்னல் துணியைப் பிரித்ததும் வெட்டக் கூடாது, அது அடங்கும்வரை ஒரு நாள் கிடக்க வேண்டும். அவசரப்பட்டு வெட்டினால் பனியன் பொடிசாகிவிடும். என் தொழிலை வைத்தே என்னை மடக்கினாய். இவ்வளவு சொன்னவள் இதை மட்டும் ஏன் மறைத்தாய்?

கோபம் ஆறிய பிறகுதான் இன்னொரு குழப்பம் வந்தது. நீ பிள்ளைகளிடம் சொன்ன காரணம் உண்மையே இல்லையே. மனசு தாங்காமல் நான் மேலோட்டைத் தடிப்பாகப் போடவில்லை. குளிர்நாட்டு ஜாக்கெட் ஞாபகத்தில் போட்டேன், அவ்வளவுதான். நீ என்னைப் பற்றி அப்படி நிஜமாகவே நினைத்தாயா? இல்லை, புருஷனின் மானத்தைக் காப்பாற்ற வாய்க்கு வந்ததைச் சொன்னாயா? யாரிடம் போய்க் கேட்பேன்?

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்கு வந்தேன். உன் தலைமாட்டில் வைக்க திருமுருகன்பூண்டிச் சிற்பிகளிடம் கல் சொல்லி, அது தயாராகி இரண்டு வாரமாகியிருந்தது. எங்கே நடலாம் என்று பார்க்க டேப் கொண்டு வந்திருந்தேன். பார்த்தால், உன் மேல் இருந்த மண் ஒரு பக்கமாக நாலு விரல் இறங்கியிருந்தது. வாரம் முழுக்கத் தட்டு, நகர்வு என்று மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்ததில், அங்கே மண் வெட்டிக்கொண்டிருந்த காவல்காரரிடம் பூமித் தட்டு ஏதாவது நகர்ந்துவிட்டதா என்று கேட்டுவிட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தட்டும் இல்ல, கிட்டும் இல்லீங்க. மண்ணு இன்னும் அடங்குல. இன்னொரு மழ போகட்டும். அவசரப்பட்டுக் கல்ல நட்டீங்கன்னா சாஞ்சுருமுங்க."

துணி அடங்கும் முன் வெட்டாதே என்று இருபத்தைந்து வருடமாக ஆட்களைத் திட்டிக்கொண்டிருக்கிறவன் நான். டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் நித்யா டீச்சர் வந்துவிடுவார். உன் தையலைப் பிரிப்பதா? பிரிக்காமல் பிள்ளைகளுக்குத் தப்பான பூமியைக் கொடுப்பதா? கடைசியில் பழையதை அலமாரியில் வைத்துவிட்டுப் புதிதாகவே ஒன்று செய்ய உட்கார்ந்தேன். அளவை நித்யா டீச்சரிடம் போனில் கேட்டேன். மஞ்சள் இவ்வளவு, ஆரஞ்சு இவ்வளவு, சிவப்பு மட்டும் ஆரத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

"மேலோடு?" என்றேன்.

"உங்க உருண்டைக்கு ஒரு மில்லிமீட்டர் போதுமுங்ணா. கடலுக்கு அடியில அதுவும் இல்லீங்க."

ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரே ஒரு மடிப்புத் துணி. மெல்லிய சிங்கிள் ஜெர்சியில் ஒரு துண்டு வெட்டி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மறுபக்கம் என் விரல் தெரிந்தது. அவிநாசி ரோடு, கம்பெனிகள், ஆயிரம் அடி போட்டும் தண்ணீர் வராத போர்வெல்கள், மனிதன் இதுவரை போட்ட துளையிலேயே ஆழமான துளை, எல்லாமே இந்த ஒரு மடிப்புக்குள் முடிந்துவிடுகிறது. ஆறடி என்பது இதில் ஒரு நூலிழைகூட இல்லை.

இதிலேயா உன்னைப் படுக்க வைத்துவிட்டு வந்தேன், எஸ்தர்? கீழே அவ்வளவு நெருப்பு இருக்க, மேலே இவ்வளவு மெல்லிசான ஒன்றிலா? துணியை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன். நீ என்னைப் பற்றிச் சொன்னது அன்றைக்குப் பொய். இப்போது அது உண்மையாகிவிட்டது. எனக்கு மனசு தாங்கவில்லை.

அழுது முடித்தபின் ஒன்று தோன்றியது. சரியா தப்பா என்று நீதான் சொல்ல வேண்டும். நம் தட்டு நகம் வளரும் வேகத்தில் வடக்கே போய்க்கொண்டிருக்கிறது, அது முட்டித்தான் இமயமலை எழுந்தது என்றாயே. நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஞாயிறுதோறும் உன் நகத்தை வெட்டிவிட்டது நான். அந்த வேகம் எனக்குத் தெரியும். நீ போன இந்த எட்டு மாதத்தில் மூன்று சென்டிமீட்டர் வந்திருக்குமா? வந்திருந்தால் நான் மட்டும் வரவில்லை, நீயும் வந்திருக்கிறாய். நீ மேலோட்டுக்குள், நான் மேலோட்டின் மேல், இருவரும் ஒரே தட்டில். உன்னை ஓரிடத்தில் விட்டுவிட்டு நான் மட்டும் போய்க்கொண்டிருக்கிறேன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அப்படி இல்லைதானே?

திங்கட்கிழமை நித்யா டீச்சரிடம் புது பூமியைக் கொடுத்தேன். அப்புறம் அலமாரியைத் திறந்து பழையதையும் எடுத்துக் கொடுத்தேன். உன் கைத்தையல் என்று நம் வீட்டில் வேறெதுவும் இல்லை. கொடுக்க எனக்கு மனமே இல்லை.

"பழசு எதுக்குங்ணா? நீங்களே வெச்சுக்குங்க."

"அதுவும் இருக்கட்டுங்க. எங்க கம்பெனில செல்வின்னு ஒரு புள்ள இருக்குது, டீச்சர்கிட்டப் படிச்சது. எதுக்குன்னு அதுகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்குங்க" என்றேன்.

போன வாரம் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். உன் பள்ளிக்கூடச் சீருடையில் மூன்று பெண்பிள்ளைகள் என்னைப் பார்த்துத் தங்களுக்குள் ஏதோ பேசினார்கள். அதில் ஒருத்தி, வாயில் கடலைமிட்டாயை ஒதுக்கிக்கொண்டு, "வணக்கங்க" என்றாள். அதே சிரிப்பு. நானும் ஒன்றும் தெரியாதவனைப் போல வணக்கம் வைத்தேன்.

நீ அப்படி நிஜமாகவே நினைத்தாயா என்பது மட்டும் இன்னும் எனக்கு விளங்கவில்லை. விளங்காமலே போகட்டும். உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். மண் அடங்கும்வரை உன் கல்லை நட மாட்டேன். அந்தப் பிள்ளைகள் எத்தனை பேர் என்னைப் பார்த்துச் சிரித்தாலும், தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவும் மாட்டேன். பதினாலு வருடம் அத்தனை பேர் எனக்காகக் காப்பாற்றிய ரகசியத்தை, இனி அவர்களுக்காக நானும் காப்பாற்றுகிறேன்.

இதைப் படிக்கிற யாரும் அந்தப் பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உன் கூடவே நகர்ந்துகொண்டிருக்கும்
உன் வீட்டுக்காரன்