கேட்டில் கொடுத்த போன்

மே 11, ஞாயிறு

மகன் முனியராஜ் வேலை பார்க்கும் அச்சாபீஸில் கழித்துப் போட்ட டைரி இது. அட்டையைத் தலைகீழாக ஒட்டிவிட்டார்களாம். எனக்கு இது போதும். ஒன்றரை அறை வீட்டில் மகன், மருமகள் பொன்மணி, பேத்தி, நான். உட்கார்ந்து பேச ஒரு மூலை கிடையாது. எழுதினால் சத்தம் வராது.

விஷயத்துக்கு வருகிறேன். ஐம்பத்தேழு வயதில், அய்யம்மாள் பேச்சைக் கேட்டு, துணை தேடுகிற ஆப் ஒன்றைப் போனில் ஏற்றியிருக்கிறேன். இலவசம்தான், ஒரு நாளைக்குப் பத்து மெசேஜ் வரை. அய்யம்மாளும் நானும் பட்டாசுக் கம்பெனியில் ஒரே அறையில் பூச்சட்டி வாணத்துக்கு மருந்து அடைக்கிறோம். "மதினி, அண்ணன் போயி ஒம்பது வருசமாச்சு. பேசுறதுக்கு ஒரு ஆளு இருந்தா குடி முழுகிராது" என்றாள்.

சொந்தப் பேர் கொடுக்காதே, ஊரைச் சொல்லாதே, முகத்தைக் காட்டாதே, காசு கேட்டால் நகர்ந்துவிடு – அவள் மகள் சொல்லிக்கொடுத்தது. பாதுகாப்பு விதிகளுக்கு எனக்கா பாடம் எடுக்க வேண்டும்? அறைக்கு நாலு பேர், இரண்டு கதவும் திறந்தே இருக்க வேண்டும் என்று இருபத்திரண்டு வருஷமாகப் பழகிய உடம்பு இது. எனக்கு அஞ்சாம் வகுப்பு எடுத்த தனலட்சுமி டீச்சரின் பெயரைப் போட்டேன். ஓய்வு பெற்ற ஆசிரியை, விருதுநகர். முகத்துக்குப் பதில் ஒரு செம்பருத்தி.

மே 14

கனடா டாக்டர் ஒருவன். இரண்டாம் நாளே "என் தங்கமே". மூன்றாம் நாள் எனக்கு அனுப்பிய பார்சல் ஏர்போர்ட்டில் நிற்கிறதாம், நான் பணம் கட்டி எடுக்கணுமாம். பிளாக் செய்தேன். என்னை என்னவென்று நினைத்தான்!

மே 20

முத்துக்கிருஷ்ணன். அறுபத்தொன்று. ஆலங்குளம். சிமெண்ட் ஆலையில் லாரிகளை நிறுக்கும் எடைமேடையில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய் நாலு வருஷம். கண்ணாடி போட்ட சொந்த முகத்தையே வைத்திருக்கிறார்.

முதல் மெசேஜ்: "சாப்பிட்டீகளா?"

அழுகை வந்துவிட்டது. சீ, இதற்கெல்லாமா?

ஜூன் 2, திங்கள்

காலை எட்டு மணிக்குக் கம்பெனி கேட்டில் போனைக் கொடுத்துவிட வேண்டும். மருந்து இருக்கும் இடத்துக்குள் போன் கூடாது. கிளார்க் பாலகுரு நோட்டில் பெயரை எழுதி, பலகைப் பெட்டியில் போட்டுப் பூட்டுவான். ஐந்தரைக்குத்தான் கைக்கு வரும்.

இன்று வாங்கிப் பார்த்தால் முத்துக்கிருஷ்ணனுடைய ஏழு மெசேஜ். கடைசியில்: "ரிட்டயர்டு டீச்சர்ங்கிறீக. பகல்ல ஒரு நாளாச்சும் பதில் போட்டிருக்கீகளா? வீட்டுக்காரரு இருக்காரா?"

பகல் வெளிச்சத்தில் போனைப் பார்த்தால் கண் கூசுகிறது என்று எதையோ சொல்லிச் சமாளித்தேன்.

ஜூன் 5

ஆப்பில் எங்கள் இருவருக்கும் நடுவே எத்தனை கிலோமீட்டர் என்று காட்டுமாமே. யாரும் எனக்குச் சொல்லவில்லை. "விருதுநகர்னா தள்ளியில்ல காட்டணும்? இங்கன பக்கத்துல காட்டுதே" என்று கேட்டிருக்கிறார். தங்கச்சி வீட்டுக்கு ஏழாயிரம்பண்ணை வந்திருக்கிறேன் என்றேன். எனக்குத் தங்கச்சியே கிடையாது.

ஜூன் 8, ஞாயிறு

வீடியோவில் வரச் சொல்கிறார். எப்படி வருவேன்? விரல் இடுக்கு, நகக்கண், முழங்கை வரை அலுமினியப் பவுடர் வெள்ளியாக ஏறிக் கிடக்கிறது. எந்த டீச்சருக்கு இப்படிக் கை இருக்கும்?

முடியாது என்றதும் நேராகவே கேட்டுவிட்டார். "கோயம்புத்தூர் நர்ஸுன்னு ஒருத்தி ஆறு மாசம் பேசுனா. ஆபரேஷன்னு எங்கிட்ட பணம் வாங்கிட்டா. பெறகு பாத்தா அது ஒரு பய. நீங்க பொம்பளைதானா?"

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கோபம். பிறகு யோசித்தேன். போலிப் பெயர், போலி ஊர், முகம் கிடையாது, பகலில் ஆள் கிடையாது – ஏமாற்றுக்காரர்கள் செய்வதை ஒன்று விடாமல் நான் செய்திருக்கிறேன். என்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கட்டிய சுவரில் கதவு வைக்க மறந்துவிட்டேன்.

உண்மையைச் சொல்லிவிடலாம்தான். ஆலங்குளத்தில் எங்கள் சொந்தக்காரர்கள் நாலு வீடு இருக்கிறார்கள். சிம் கார்டு முனியராஜ் பெயரில். அவனுக்குத் தெரிந்தால் அடிக்கமாட்டான், திட்டமாட்டான். பேச்சை நிறுத்திவிடுவான். அந்த ஒன்றரை அறைக்குள் பேசாத மகனோடு நான் எப்படி இருப்பேன்? வேறு எங்கே போவேன்?

ஜூன் 9

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு இரண்டு நிமிஷம் அவரிடம் போனில் பேசினேன். பொம்பளைதான் என்று தெரியட்டுமே! "என்னங்க, அங்கன மழையா?" என்றார். ஆமாம் என்றேன். வெளியே பொன்மணி: "அத்தை, தொட்டி காலியாகப் போகுது." கதவைத் திறந்தபோது என் கையிலிருந்த போனைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஜூன் 19, வியாழன்

 

காலை பத்தரை இருக்கும். பக்கத்துக் கம்பெனியில் வெடித்தது. தரை ஒருமுறை தூக்கிப் போட்டது. அய்யம்மாள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்கதவு வழியாக ஓடினாள். வேலி ஓரம் எல்லோரும் நின்றோம். அங்கே இரண்டு பேர் போய்விட்டார்கள். ஒருத்தி காலையில் எங்கள் வேனில்தான் வந்தாள். எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

பாலகுரு பெட்டியோடு போன்களைத் தூக்கி வந்தான். எல்லா போனும் அலறிக்கொண்டிருந்தன. ஒவ்வொருத்தியும் "இருக்கேன், இருக்கேன்" என்று கத்தினாள். எனக்கு முனியராஜ் பதினோரு தடவை அடித்திருந்தான். திருப்பிக் கூப்பிட்டேன். "யம்மா" என்றான். "இருக்கேன்யா" என்றேன்.

பிறகு இவருடைய மெசேஜைப் பார்த்தேன்.

"ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஃபயர் ஒர்க்ஸ்ல விபத்தாம். பாவம் கூலிக்குப் போற சனங்க. நல்லவேளை, நீங்க டீச்சரு."

திரையில் என் வெள்ளி விரல் பதிந்தது. நான் செத்திருந்தால்கூட இந்த மனுஷன் நாளைக்குக் காலையில் எனக்குச் சாப்பிட்டீகளா என்று அனுப்பியிருப்பார். எனக்காகப் பயப்படக்கூட ஆளில்லாதபடி என்னை ஒளித்து வைத்துவிட்டேனே, இது என்ன புத்தி!

ஜூன் 20

முனியராஜ் இனி வேலைக்குப் போக வேண்டாம் என்கிறான். "வீட்ல இரும்மா, போதும்." பாசம்தான். ஆனால் காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டா?

மதியம் பேத்தி தூங்கும்போது அவருக்கு எழுதினேன். என் பெயர் வேலுத்தாய். டீச்சர் இல்லை, பூச்சட்டிக்கு மருந்து அடைப்பவள். நேற்று வெடித்த இடத்துக்குப் பக்கத்துக் கம்பெனியில் இருந்தேன். காசு ஒரு பைசா கேட்கமாட்டேன். என் கையைப் படம் எடுத்து அனுப்பினேன். கையை மட்டும்.

ஜூன் 21

ஆய்வுக்காகக் கம்பெனியை மூடியிருக்கிறார்கள். பகல் முழுக்கப் போன் கையில். ஒன்றும் வரவில்லை.

ஜூன் 22

இல்லை.

ஜூன் 23

பார்த்துவிட்டார் என்று மட்டும் காட்டுகிறது. போகட்டும். பொய் சொன்னவளுக்கு வேறென்ன கிடைக்கும்?

ஜூன் 24, செவ்வாய்

வந்தது.

"எடைமேடையில முப்பது வருசம் இருந்தவன். லோடுல கூடக் குறைச்சல் இருந்தா டிரைவர் முகத்துலயே தெரியும். மழைன்னு சொன்னீகளே, அன்னைக்கு இங்க மண்டை பொளக்குற வெயிலு. நீங்க எதையோ மறைக்கீகன்னு தெரியும். அதுக்கு நான் கோவிக்கல. நல்லவேளைன்னு எழுதினேன் பாருங்க, அதுதான் நாலு நாளா என்னைய உக்காரவிடல."

இரண்டு முறை படித்தேன். மூன்றாம் முறை எழுத்து தெரியவில்லை.

ஜூலை 3

கம்பெனி திறந்தாயிற்று. போகிறேன் என்று முனியராஜிடம் சொல்லிவிட்டேன். இரண்டு நாளாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான்.

ஜூலை 6, ஞாயிறு

சிவகாசி பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஓட்டல். இடம் நான்தான் சொன்னேன்: பட்டப்பகல், கூட்டம், முன்னும் பின்னும் வாசல். அய்யம்மாள் அடுத்த மேஜையில் பூரி தின்றுகொண்டே அவரை முறைத்தாள். வீட்டில் அய்யம்மாளோடு ஜவுளி எடுக்கப் போவதாகச் சொல்லியிருந்தேன். பாதி உண்மை.

அவர் பிளாஸ்டிக் கவரிலிருந்து ஆதார், பென்ஷன் அட்டை, ரேஷன் கார்டு என்று வரிசையாக எடுத்து வைத்தார். "என்ன, லோன் வாங்கவா வந்தீக?" என்றேன். நாங்கள் சேர்ந்து முதலில் சிரித்தது அதற்குத்தான்.

என் கையைப் பார்த்தார். தொடவில்லை. "கழுவுனா போகாதா?"

"தீவாளிக்கு லீவு விட்டாப் போகும். திரும்ப வேலைக்குப் போனா வந்துரும்."

காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை. பிறகு மெதுவாக, "நாளைக்கு உங்களுக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா எனக்கு யாரு சொல்லுவா?" என்றார்.

பஸ் வந்துவிட்டது.

ஜூலை 14, திங்கள்

விபத்துக்குப் பிறகு கேட்டில் புது நோட்டு. ஆளுக்கொரு பக்கம். பெயர், ரத்த வகை, அவசரத்துக்குக் கூப்பிட இரண்டு எண்கள், உறவு. பாலகுரு ஒவ்வொருத்தியாகக் கேட்டு எழுதினான். முதலில் முனியராஜ் எண். மகன்.

"ரெண்டாவது, பெரியம்மா?"

எனக்குப் பின்னால் இருபது பேர் நின்றார்கள். பாலகுரு எங்கள் தெருக்காரன். நாளைக் காலைக்குள் பொன்மணி காதுக்குப் போகும், நாளை இரவுக்குள் முனியராஜ் காதுக்கு. வேனில் எனக்கு இடம் விட்டவள் நினைவுக்கு வந்தாள். அவளுக்காக யாரைக் கூப்பிட்டார்களோ.

எண்ணைச் சொன்னேன். பத்து இலக்கமும் மனப்பாடம்.

"பேரு?"

"முத்துக்கிருஷ்ணன். ஆலங்குளம்."

பேனா நின்றது. "உறவுன்னு என்ன போட?"

"அதை எழுதாம விடு, அய்யா. நம்பரு சரியா இருக்கான்னு மட்டும் ஒருக்கா திருப்பிச் சொல்லு."

என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். பிறகு சத்தமாக, ஒவ்வொரு எண்ணாகச் சொன்னான். சரியாக இருந்தது. போனை அவனிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனேன்.