ஆடுகிற கைப்பிடி

ஷார்ஜா, 21 ஜனவரி 2007, ஞாயிறு

ஸ்போர்ட்ஸ் டே பிப்ரவரி 15 என்று முடிவாகிவிட்டது. ஸ்டோர் ரூமைக் குடைந்து பழைய ஸ்டார்ட்டர் துப்பாக்கியைக் கண்டுபிடித்தேன். சத்தம் மட்டும் போடுகிற சாதனம்தான். கைப்பிடியின் இரண்டு பக்கத் தகடும் வெடித்துப்போய், பிடித்தால் ஆடுகிறது.

விசில் போதாதா என்று வைஸ் பிரின்சிபால் பானுமதி மேடம் கேட்டார். போதாது! போன வருடம் விசிலால்தானே மானம் போனது. விசில் கேட்டால் ஓடிவந்து வரிசையில் நில் என்று வருடம் முழுக்கப் பழக்கிய பி.டி. மாஸ்டர் நான். நூறு மீட்டர் இறுதிப் போட்டியில் ஊதினேன். எட்டுப் பிள்ளைகளும் எழுந்து என் முன்னால் வந்து உயரப்படி வரிசையாக நின்றார்கள். பெற்றோர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"இந்தத் தடவையும் சொதப்பினா, அடுத்த வருஷம் வெளிக் கம்பெனிகிட்ட குடுத்துடுவேன் சார்" என்றார் மேடம். என் விழாவை எவனோ வந்து நடத்துவதா? பார்த்துவிடலாம்.

1 பிப்ரவரி, வியாழன்

கைப்பிடிக்கு இன்டர்நெட்டில் ஆர்டர் கொடுத்திருந்த மரத் தகடுகள் லண்டனிலிருந்து வந்துவிட்டன. என்ன வழவழப்பு! படத்தில் ஸ்க்ரூ இருந்தது. பெட்டியில் இல்லை.

பரவாயில்லை, பழையதையே போடலாம் என்று சாப்பாட்டு மேசையில் வைத்துக் கழற்றினேன். துருப்பிடித்த ஸ்க்ரூ பாதியில் முறிந்தது. மீதிப் பாதியைக் குறட்டால் பிடித்து எடுப்பதற்குள் தாவு தீர்ந்துவிட்டது. மனைவி அன்னபாக்கியம் கிளினிக் டியூட்டி முடிந்து வந்தாள். மேசையைப் பார்த்தாள். "அந்தச் சவத்த எடுத்து மாத்துங்க, சோறு வைக்கணும்" என்றாள்.

2 பிப்ரவரி, வெள்ளி

ரோலா கடைத்தெருவில் நாலு கடை ஏறி இறங்கியாயிற்று. வாங்கி வந்து போட்டுப் பார்த்ததில் ஒரு ஸ்க்ரூவும் ஏறவில்லை. எல்லாம் மில்லிமீட்டர் கணக்காம், இது இஞ்சுக் கணக்காம். இந்த ஊரில் இஞ்சுக்கு எங்கே போவது?

3 பிப்ரவரி, சனி

தொழில்பேட்டையில் அமெரிக்க வண்டிகள் மட்டும் பார்க்கிற கராஜ் ஒன்று. அங்கே மாயாண்டி என்று நம் ஊர்க்காரர். அந்த வண்டிகளுக்கு இஞ்சு ஸ்க்ரூதான் என்று பள்ளிக்கூட வேன் டிரைவர் சொல்லித்தான் போனேன்.

துப்பாக்கியைக் கொண்டுபோக அன்னபாக்கியம் விடவில்லை. "போலீஸ் பிடிச்சா, இது பிள்ளையள ஓட வைக்கதுன்னு அரபியில எப்படிச் சொல்லுவிய?" நியாயம்தான். முறிந்த தலைப் பாதியை மட்டும் காலி ஊசி மருந்துப் புட்டியில் போட்டுத் தந்தாள். மாயாண்டி நாலைந்து டப்பாக்களைக் கொட்டிக் கிளறி, அதே மரையில் இரண்டு எடுத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

வீட்டில் முடுக்கினேன். வழுக்கிக்கொண்டு போனது. கைப்பிடி கல் மாதிரி நின்றது. சந்தோஷத்தில் விசையை இழுத்தால் — அசையவில்லை!

4 பிப்ரவரி, ஞாயிறு

பாதியைக் காட்டி வாங்கினால் நீளம் எப்படித் தெரியும்? ஸ்க்ரூவின் நுனி உள்ளே விசையில் முட்டுகிறது. முட்டாள், முட்டாள். அராவ அரமும் இல்லை. விசிலே விதி என்று படுத்துவிட்டேன்.

5 பிப்ரவரி, திங்கள்

அன்னபாக்கியம் வாழ்க. நீளம் கூடுதல் என்றால் தலைக்கு அடியில் ஏதாவது வைக்க வேண்டியதுதானே என்றாள். அந்த மருந்துப் புட்டியின் ரப்பர் மூடியை பிளேடால் வட்டமாகச் சீவி, நடுவில் துளை போட்டுக் கொடுத்தாள். போட்டேன். விசை நகர்ந்தது! வெற்றுத் துப்பாக்கியை இருவரும் மாறி மாறி இழுத்துப் பார்த்தோம்.

14 பிப்ரவரி, புதன்

தூக்கம் வரவில்லை. சத்தத்துக்கும் பிள்ளைகள் வரிசையில் நின்றுவிட்டால்?

15 பிப்ரவரி, வியாழன்

ஓடினார்கள்! முதல் வெடிக்கே எட்டுப் பேரும் அம்பாகப் பாய்ந்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பானுமதி மேடம் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் என் பக்கம் ஓரடி நகர்ந்து வந்ததை மட்டும் கவனித்தேன். கடைசியில் அம்மாக்கள் ஓட்டம். மெதுவாகக் கையை நீட்டினார்.

"ஒரே ஒரு தடவை, சார்."

கண்ணை இறுக மூடிக்கொண்டு சுட்டார். அம்மாக்கள் பறந்தார்கள். மேடம் சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார்.

18 பிப்ரவரி, ஞாயிறு

துப்பாக்கியை ஸ்டோர் ரூமில் திரும்ப வைக்கப் போனேன். அங்கே துருப்பிடித்துவிடும், தன் அலமாரியிலேயே இருக்கட்டும் என்று மேடம் வாங்கிப் பூட்டிக்கொண்டார். சாவியைத் தரவில்லை.