இடது கதவில் விளக்கு அடித்தேன்

ஏங்க,

மத்தியானச் சாப்பாடு மேடைமேல் மூடியிருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

நம் மாருதியை வாங்கவிருந்த கிருஷ்ணப்பா, நீங்கள் அடுகோடிப் பட்டறைக்குப் போனதும் வந்தார். "ஒரு கீறல்கூட இல்லன்னு உங்க வீட்டுக்காரர் சொன்னாரும்மா" என்றார். நீங்கள் பெயிண்ட் குறை பார்க்கும் கைவிளக்கை இடது கதவில் சாய்த்துப் பிடித்தேன். வெயிலில் கண்ணாடியாக மின்னிய கதவில் நீங்கள் பட்டி பூசித் தேய்த்த மேடுபள்ளமெல்லாம் தெரிந்தது. "நான் கம்பத்துல இடிச்சேன் சார், இவரு பூசி மறைச்சிட்டாரு" என்றேன். "பேடாம்மா, இந்த வண்டி வேண்டாம்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஒரு தடவை இடித்தேன் என்பதற்காக, நான் இனி ஓட்டவே கூடாதென்று வண்டியை விற்பீர்களோ? பேரத்தை முறிக்கச் சிக்பேட்டைக் கடைக்காரர் மகளான எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? டிரைவிங் மாஸ்டரைப் பக்கத்தில் உட்காரவைத்து, நம் வண்டியையே எடுத்துக்கொண்டு போகிறேன்.

சுகுணா

பி.கு: கோபம் இருந்தாலும் சாயங்காலம் வாசலில் வந்து நில்லுங்கள். ரிவர்ஸ் இன்னும் சரியாக வரவில்லை.