முதல் தோத்திரம்

12 நவம்பர் 2009, வியாழன்
குளச்சல்

நேற்று அம்மாவை அடக்கம் செய்தோம். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். "தொண்ணூறு தாண்டின உயிரு. பேரனுக்குப் பிள்ளையளையும் கண்டாச்சு. இதுக்குப் போயி கரையலாமா மக்கா?" நான் எங்கே அழுதேன் என்று கேட்க வாய்வரை வந்தது. காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

மீன் கூடையைத் தலையில் சுமந்து, கருங்கல் சந்தைவரை நடந்து எங்களை வளர்த்தவள். கூடை இருந்து இருந்து உச்சியில் முடியே போய்விட்டது. அதை யாரும் பார்க்க விடமாட்டாள். பெட்டியில் வைத்ததும் நான் முதலில் முக்காட்டைத்தான் இழுத்துவிட்டேன்.

இன்று சாயங்காலம் வழக்கம்போல் வீட்டில் செபமாலை சொன்னோம். முடிந்ததும் மூத்தவரிடம் போய்த் தோத்திரம் சொல்லி, நெற்றியில் சிலுவை வாங்குவது எங்கள் வழக்கம். அறுபது தாண்டியும் நான்தான் முதலில் போவேன். அம்மா கட்டிலில் இருந்தபடியே பெருவிரலால் போடுவாள். அந்த விரல் சொரசொரவென்று இருக்கும்.

இன்றும் எழுந்து கட்டில்வரை போய்விட்டேன். பாயைச் சுருட்டி வைத்திருந்தார்கள். திரும்பினால் என் பேத்தி பின்னாலேயே வந்து நிற்கிறாள்.

"தோத்திரம் பாட்டி. சீக்கிரம் போடுங்க, பசிக்கு."

போட்டேன். அவளுக்குப் பின்னால் மகனும் மருமகளும் வந்தார்கள். அவர்களுக்கும் போட்டேன். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். நெற்றியைக் காட்ட ஆளில்லாமல் நான் கட்டிலருகே நின்றேன்.