ஏணி வாத்தியாரின் கடைசிக் காட்சி

பூங்கரை
20.4.1997

தம்பி சித்தீக்குக்கு மதினி ராஜாத்தி எழுதுவது. உங்கள் ஹமீதா பானுவும் பர்வினும் நல்ல சுகம். நானும் அனுராதாவும் இருக்கிறோம்.

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஐந்து மாசம் ஆகிறது. நீங்கள் ஒரு வரி எழுதவில்லை. பள்ளிக்கூட வாசல் கிழக்கேயா மேற்கேயா என்று அவரோடு சண்டை போட்டுவிட்டு மஸ்கட்டுக்கு ஏறினவர்தானே. போகட்டும். சந்தோஷ சமாச்சாரம் சொல்லத்தான் இந்தக் கடுதாசி.

நம்ம நாடகத்தைப் போடுகிறோம் தம்பி! நீங்களும் அவரும் சேர்ந்து எழுதிய ஏணி வாத்தியாரேதான். மே முப்பதாம் தேதி, பள்ளிக்கூடத் திடலில். கூட்டம் என்றால் இரண்டு தெருவும் ஒன்றாக உட்காராது, நாடகம் என்றால் உட்காரும் என்று பெரிய டீச்சர் சொன்னார்கள். ஊர் இன்னும் அப்படியேதான் கிடக்கிறது. கிழக்கு வழியை மேற்கே இருக்கிற பள்ளிவாசல் தெரு முள் போட்டு அடைத்தது, மேற்கு வழியைக் கிழக்குத் தெரு அடைத்தது. கேட் வைக்காமல் ஒன்பதாம் வகுப்பு கிடையாது என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்களாம். உங்கள் பர்வினும் என் அனுராதாவும் எட்டு முடித்துவிட்டார்கள். ஜூனில் திறக்காவிட்டால் இரண்டும் வீட்டோடுதான். மன்னார்குடிக்கு பஸ்ஸில் அனுப்ப ஹமீதாவுக்கும் மனசில்லை, எனக்கும் தைரியமில்லை.

நாடகம் எழுதின நோட்டு எங்கே போனதோ தெரியவில்லை. ஆனால் அவர் வசனம் பேசிப் பேசி எனக்கு அத்தனையும் பாடம். நான் சொல்லச் சொல்ல அனுராதா எழுதிவிட்டாள். கடைசிக் காட்சியில், வழியில்லாமல் சுவரேறி உள்ளே போகப் பார்த்த வாத்தியார் ஏணியிலிருந்து விழுந்து கிடப்பார். பின்பக்கமாகப் பிள்ளைகள் வரும். "எந்த வழியாடா வந்தீங்க?" என்பார். "சோத்து வாசனை வந்த வழியா, சார்" என்பார்கள். "அப்ப அங்கயே வைங்கய்யா வாசல!" என்று முடியும். படித்துக் காட்டியதும் எல்லாரும் உருண்டு சிரித்தார்கள்.

மதினி
ராஜாத்தி

மஸ்கட்
2.5.1997

அன்பு மதினிக்கு,

வெட்கத்தோடு எழுதுகிறேன். வீரையன் அண்ணன் இறந்த செய்தி வந்த அன்று மூன்று தாள் எழுதிக் கிழித்தேன். கடையில் அரிசி மூட்டை தூக்கும்போதெல்லாம் "ஏணியப் புடிடா சித்தீக்கு" என்று அவர் குரல் கேட்கும். மன்னியுங்கள்.

நோட்டு என்னிடம் இருக்கிறது. கோபத்தில் பெட்டியில் போட்டு எடுத்து வந்தேன். இப்போது கையில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். வாத்தியார் ஏணியில் ஏறுவதோடு எழுத்து நின்றுவிடுகிறது. வாசல் எந்தப் பக்கம் என்று வந்ததும்தான் எங்களுக்குச் சண்டையே. அதற்குப் பிறகு ஆறு பக்கம் வெறுமை.

அந்தக் கடைசிக் காட்சியை அண்ணன் எப்போது எழுதினார்?

தம்பி
சித்தீக்

பூங்கரை
11.5.1997

தம்பிக்கு,

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது. அவர் எழுதவில்லை. நான்தான் சொன்னேன்.

சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால், வாய்க்கால் பக்கம் சுவர் சரிந்திருக்கிறதே, பிள்ளைகள் அந்த வழியாகத்தான் வருகிறார்கள். என் அடுப்பைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். வாத்தியார்களும் வேட்டியைத் தூக்கிக்கொண்டு அதில்தான் நுழைகிறார்கள், யாரும் பார்க்கவில்லை என்று நினைப்பு. நான் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்! ஆனால் சோறாக்குகிறவள் சொன்னாள் என்றால் யார் கேட்பார்கள்? அதனால் அவர் பேரில் சொல்லிவிட்டேன்.

ஒத்திகை ஒரே அமர்க்களம். வாத்தியார் வேஷம் கிழக்குத் தெரு நல்லக்கண்ணு. அப்படியானால் ஏணி பிடிக்க எங்கள் தெரு ஆள்தான் என்று பள்ளிவாசல் தெரு அல்லா பிச்சை பாய் வந்து நின்றுகொண்டார்.

"ஏணிய ஆட்டாதீங்க பாய்!"

"நான் எங்கய்யா ஆட்டுறேன்? ஒங்க காலுல்ல ஆடுது!"

இது நோட்டில் இல்லாத வசனம். அப்படியே வைத்துக்கொண்டோம்.

ஆனால் இப்போது பாய்க்குச் சந்தேகம். "வீரையன் கிழக்குத் தெரு ஆளு. இதுல ஏதோ சூது இருக்கு. சித்தீக்குட்ட கேப்போம். அவன் ஆமான்னா நானும் ஆமா" என்கிறார். பள்ளிக்கூட வாசலுக்கென்று நீங்கள் செய்துவைத்த கேட்டும் அவர் கொட்டகையில்தான் கிடக்கிறது. தம்பி, அவர் எழுதினதுதான் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். இரண்டு பெண்பிள்ளைகளை நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.

ராஜாத்தி

மஸ்கட்
19.5.1997

மதினி,

நோட்டை ஊருக்கு வரும் நண்பரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். நீங்கள் கேட்ட பொய்யை எழுத என்னால் முடியவில்லை. கோபிக்காதீர்கள். கீழே உள்ளதை ஒத்திகையில் எல்லார் முன்னாலும் அனுராதா படிக்கட்டும்.

"அல்லா பிச்சை மாமா, நோட்டில் கடைசிக் காட்சி கிடையாது. பிரித்துப் பாருங்கள். அதைச் செய்தது ராஜாத்தி மதினி. அண்ணன் கிழக்கே பார்த்தார், நான் மேற்கே பார்த்தேன். பிள்ளைகள் எங்கே நடக்கிறார்கள் என்று நாங்கள் இருவரும் பார்க்கவில்லை. மேற்கே வைக்கத்தான் அந்தக் கேட்டை மன்னார்குடியில் செய்தேன். அதை மதினி சொல்கிற இடத்தில் மாட்டுங்கள்."

சித்தீக்

பூங்கரை
10.6.1997

தம்பி சித்தீக்குக்கு,

உங்கள் கடுதாசியை ஒத்திகையில் எல்லார் முன்னாலும் அனுராதா படித்தாள். இன்றோடு முடிந்தது என்று உங்களைத் திட்டினேன், தப்பு என்மேல்தான். பாய் நோட்டை வாங்கி வெறும் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"அப்ப இது வீரையன் சொன்னதில்லையா?"

"இல்ல பாய். நான்தான் சொன்னேன்" என்றேன்.

"நல்லதாப் போச்சு! அவன் சொல்லியிருந்தா ஒத்துக்கிட்டிருக்கவே மாட்டேன். சோறு போடுறவளுக்கு ஏதும்மா கிழக்கும் மேற்கும்!"

"ஆமாமா, வீரையன் எழுதியிருந்தா எங்க தெருப் பக்கம்தான் வச்சிருப்பான்" என்று நல்லக்கண்ணு ஏணி மேலிருந்தே சொன்னார். திடலே சிரித்தது.

நாடகத்தன்று கூட்டம் தாங்கவில்லை தம்பி! மைக்கில் எழுதியவர்கள் என்று மூன்று பேரைச் சொன்னார்கள். மூன்றாவது பேர் யாருடையது என்று ஒரு நிமிஷம் எனக்கே தெரியவில்லை. நல்லக்கண்ணு விழுந்த வேகத்தில் அவர் வேட்டி ஏணியிலேயே நின்றுவிட்டது. பாய் ஓடிப்போய்த் தன் துண்டைக் கட்டிவிட்டார். அதற்குத்தான் பெரிய கைதட்டல்.

நேற்று பள்ளிக்கூடம் திறந்தார்கள். வாய்க்கால் பக்கம் உங்கள் கேட். அனுராதாவும் பர்வினும் கைகோத்துக்கொண்டு என் அடுப்பைத் தாண்டி ஒன்பதாம் வகுப்புக்குப் போனார்கள்.

அவர் வசனம் பேசும்போது, "எப்படி இருக்கு ராஜாத்தி?" என்பார். புடைக்கிற முறத்திலிருந்து தலையைத் தூக்காமல் "நல்லாருக்கு" என்பேன். அந்தச் சரிந்த சுவரைப் பற்றி அன்றைக்கே சொல்லியிருக்கலாம். நீங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டிருக்க மாட்டீர்கள். நீங்கள் ஊரில் இருந்திருந்தால், அவருக்கு முடியாமல் போன அன்று சீக்கிரம் ஆஸ்பத்திரிக்கு வண்டியில் ஏற்றியிருப்பீர்கள் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

நோட்டின் வெறும் பக்கங்களில் கடைசிக் காட்சியை நானே எழுதினேன். இரண்டு பக்கம் ஆனது. எழுத்தெல்லாம் கோணல். திருத்தட்டுமா என்றாள் அனுராதா. வேண்டாம் என்றுவிட்டேன். மீதி நாலு பக்கம் இருக்கிறது. லீவில் வாருங்கள். அடுத்த நாடகத்துக்கு நீங்கள் ஆரம்பியுங்கள், இந்த முறை கேட்டால் வாயைத் திறந்து சொல்கிறேன்.

உங்கள் மதினி
வீ. ராஜாத்தி