உப்பு பட்டதும் நீலம்

நம் பிள்ளை இர்ஃபானின் அத்தாவுக்கு, சலாம்.

துபாயிலிருந்து நீங்கள் அனுப்பிய தங்க நானோ சொட்டு மருந்து நேற்று இரும்புலியூருக்கு வந்து சேர்ந்தது. ஆட்டிசம் அடியோடு போய்விடும் என்று பாட்டிலில் போட்டிருக்கிறது.

நான் வேலை பார்ப்பதே இந்த நானோ துகள்களோடுதான், மறந்துவிட்டீர்களா? எந்தக் கரைசல் வந்தாலும் ஆய்வகத்தில் முதலில் உப்புத் தண்ணீர் விட்டுப் பார்ப்போம். ரத்தமும் உப்புதானே? சமையலறையிலும் அதையே செய்தேன். சிவப்பு மருந்து சட்டென்று நீலமாகிவிட்டது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன என்று அர்த்தம். இதை என் பிள்ளை வாயில் விடமாட்டேன்.

பக்கத்தில் நின்ற இர்ஃபான் விழுந்து விழுந்து சிரித்தான். பேச்சு வராத பிள்ளை, என் கையைப் பிடித்து உப்பு டப்பாமேல் வைத்தான். மறுபடி, மறுபடி. பாட்டில் காலியாகும்வரை விடவில்லை.

“அவன் சரியானதும் கூட்டிட்டு வா, இங்க நாலு பேர் கேப்பாங்க” என்றீர்கள். பெருநாளுக்கு வருகிறோம். டிக்கெட் போட்டுவிட்டேன். ஏர்போர்ட் சத்தத்துக்கு அவன் காதைப் பொத்திக்கொண்டு கத்துவான். அந்த நாலு பேரும் பார்க்கட்டும்.

பெட்டிகளை நான் தூக்கிக்கொள்கிறேன். நீங்கள் அவன் கையைப் பிடியுங்கள்.

இப்படிக்கு,
அவன் அம்மா