ஒரு கைக்கு இரண்டு பிரேக்

மார்ச் 4, செவ்வாய்

பள்ளிக்கூட ஆசிரியையின் சைக்கிள் இன்று முடிந்தது. ஹேண்டில்பாரை இரண்டு அங்குலம் உயர்த்தி, பின்னால் நோட்டுக் கட்டுகள் வைக்க அகலமான கேரியர் போட்டிருந்தேன். தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "இனிமே முதுகுவலி வராதுல்ல?" என்று கேட்டார்.

"நோட்டு திருத்தும்போது வந்தா நான் பொறுப்பில்ல டீச்சர்."

சிரித்துக்கொண்டே போனார். அவர் தலை மறைந்ததும் உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் குரல், கிண்டலாக. "மேஸ்திரி, ஊருக்கெல்லாம் செஞ்சு குடுக்கறே. எனக்கு எப்போ?"

இவருக்குப் பக்கவாதம் வந்து நாலு மாதம் ஆகிறது. இடது கால் தேறிவிட்டது. இழுத்து நடக்கிறார், ஆனால் நடக்கிறார். இடது கைதான் இன்னும் பிடி கொடுக்கவில்லை. அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிற வேலை இவருக்கு. பதினெட்டு வருடமாக நான் செய்து கொடுத்த சைக்கிளில்தான் போய்வந்தார். ஏப்ரலில் வேலைக்கு வரலாம் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். போன வாரம் பேருந்தில் ஏறிப் பார்த்தார். படியில் காலைத் தூக்கி வைப்பதற்குள் பின்னால் நின்றவர்கள் கத்தினார்களாம். திரும்பி வந்துவிட்டார்.

"செய்யறேன்" என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

காலையிலிருந்து தரையில் சாக்பீஸால் கோடு போட்டோம். மூன்று சக்கரம்: முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. கால் தூக்காமல் ஏறும்படி தாழ்ந்த குழாய். இரண்டு பிரேக்கும் வலது கைக்கே வந்துவிட வேண்டும். ஒரே லீவரை அழுத்தினால் முன்னும் பின்னும் சேர்ந்து பிடிக்கிற மாதிரி ஒன்று வருகிறது, அதற்கு எழுதிப் போட்டிருக்கிறேன். இடது பெடலில் குதிகால் நழுவாமல் ஒரு கிண்ணம், மேலே வார்.

வாசல் கேட்டை அளந்தால் எண்பது சென்டிமீட்டர்தான். வண்டி எழுபத்தைந்து.

"உரசாம வெளிய வரணும்னா நான் வயித்த உள்ள இழுக்கணுமா?" என்றார்.

எத்தனை நாள் ஆயிற்று நாங்கள் சேர்ந்து சிரித்து.

மார்ச் 13, வியாழன்

சாப்பிட்டுவிட்டுப் "போதும்" என்று தட்டைத் தள்ளினார். வலது பாதி வழித்துத் துடைத்த மாதிரி காலி. இடது பாதி வைத்தது வைத்தபடி. பிடிக்கவில்லையோ என்று நினைத்தேன். எடுக்கப் போனபோது என் கை பட்டுத் தட்டு திரும்பியது. "அட, இன்னும் இருக்கா?" என்று அதையும் சாப்பிட்டார்.

சும்மா எழுதி வைக்கிறேன்.

மார்ச் 14, வெள்ளி

சும்மா இல்லை.

அச்சகத்திலிருந்து இவருடைய சிநேகிதர் போன வாரம் பழைய மெய்ப்புத் தாள்கள் கொண்டுவந்து கொடுத்திருந்தார், கை பழகட்டும் என்று. இயந்திரம் ஓட்டுகிறவர். ஆமை மாதிரி நடப்பார், அதனால் அங்கே எல்லோருக்கும் அவர் 'எக்ஸ்பிரஸ்'. இவர் அந்தத் தாள்களைச் சிவப்பு மையில் திருத்தி, கட்டி வைத்திருக்கிறார். இவர் குளிக்கப் போனபோது பிரித்துப் பார்த்தேன்.

வரிகளின் வலது பக்கம் ஒரு பிழை தப்பவில்லை. இடது பக்கம் — ஒவ்வொரு வரியிலும் முதல் இரண்டு மூன்று சொற்கள் — இவர் பார்க்கவே இல்லை. 'மாலை' என்பது 'மாரை' என்று நிற்கிறது. கமா ஒன்று தள்ளி நின்றாலே முகம் சுளிக்கிறவர்.

இவருக்கு உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்கிற அம்மாவுக்குப் போன் செய்தேன். தட்டையும் சொன்னேன், தாளையும் சொன்னேன்.

"கை காலையே பாத்துக்கிட்டிருந்துட்டேன், தப்பு என்னுதும்தான்" என்றார். "கண்ணுல கோளாறு இல்லம்மா. இடது பக்கம்னு ஒண்ணு இருக்கறதையே மூளை விட்டுடுது. விட்டுட்டோம்னு அவருக்கும் தெரியாது. பழக்கினா தேறும், ஆனா நாளாகும். இப்போதைக்கு ரோட்ல வண்டி ஓட்ட விடாதீங்க. கூட்டிட்டு வாங்க, நான் சொல்றேன்."

"வேணாம். நானே சொல்றேன்."

ஏன் அப்படிச் சொன்னேன்?

மார்ச் 15

சொல்லவில்லை.

மார்ச் 22, சனி

வியாழக்கிழமையே பார்சல் வந்துவிட்டது. இரட்டை லீவர். கையில் எடுத்துப் பார்த்தேன், நல்ல கனம், வழுக்கலான இழுப்பு. பழைய டியூப்களுக்கு அடியில், கீழ் இழுப்பறையில் வைத்து மூடினேன்.

இவர் கேட்டார். "ஸ்டாக் இல்லையாம்" என்றேன். பொய் எவ்வளவு லேசாக வருகிறது.

மார்ச் 27, வியாழன்

இன்று பின் சக்கர அச்சைச் சாக்கு சொன்னேன். அளவு ஒத்துவரவில்லை, திருப்பி அனுப்ப வேண்டும் என்று. இவர் நம்பினார். நம்பி, "அதுவரைக்கும் நான் சக்கரத்தையாவது பாக்கறேன்" என்று பக்கத்தில் உட்கார்ந்து ஒற்றைக் கையால் ஸ்போக் முடுக்கிக் கோட்டம் எடுத்தார். மத்தியானம் முழுக்க ஒரு சக்கரம். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. சுற்றிவிட்டுக் காட்டினார். துளி ஆட்டம் இல்லை.

சொன்னால் இவருக்கு வண்டியும் போச்சு, வேலையும் போச்சு. அதை என் வாயால் எப்படிச் சொல்வேன்? இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் இந்த நோட்டிலாவது ஒழுங்காக எழுத வேண்டும். இவர் விழுந்த அன்று அச்சகத்திலிருந்து போன் வந்தபோது கையில் இருந்த ஸ்பானர் எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது. இந்த நாலு மாதமாக, திரும்பிப் பார்த்தால் இவர் இருக்கிறார். நாற்காலியில், ஜன்னலோரம், என் கண் படுகிற தூரத்தில். அது எனக்குப் பிடிச்சிருக்கு. ஐயோ, பிடிச்சிருக்கே. என்ன பொம்பளை நான்?

ஏப்ரல் 2, புதன்

கண்டுபிடித்துவிட்டார்.

பஞ்சர் ஒட்டப் பழைய டியூப் துண்டு தேடி இழுப்பறையைத் திறந்திருக்கிறார். நான் மளிகைக் கடையிலிருந்து திரும்பியபோது லீவர் மேசை மேல் இருந்தது. பெட்டியில் தபால் தேதியோடு.

"இது எப்போ வந்தது?"

நான் பையைக் கீழே வைத்தேன்.

"அச்சும் சரியாத்தான் இருக்கு. மாட்டிப் பார்த்தேன்."

"பயமா இருந்துச்சு."

"பயமா? நான் சக்கரத்துக்கு முன்னாடி உக்காந்து வேர்த்து விறுவிறுத்துக் கோட்டம் எடுத்துக்கிட்டு இருந்தேன். நீ பக்கத்துலயே நின்னு பாத்தே."

அப்போதாவது இடது பக்கத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். தட்டு, தாள், எல்லாம். கோர்வையில்லாமல், அழுதுகொண்டே. எனக்கே அது இன்னொரு சாக்கு மாதிரித்தான் கேட்டது.

"ஸ்டாக் இல்ல. அச்சு சரியில்ல. இப்போ என் மூளை சரியில்லையா?" என்றார். எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஏப்ரல் 3, வியாழன்

எழுத்து கோணலாக வருகிறது.

காலையில் வெல்டிங் பட்டறைக்குப் போயிருந்தேன். எதிர்வீட்டு அம்மா போன் செய்தார். "உங்க வீட்டுக்காரர் தெருமுனையில விழுந்துட்டாரு, ஓடி வாங்க."

ஓடினேன். எப்படி ஓடினேன் என்று தெரியாது. மூன்று சக்கர வண்டியை இவரே வெளியே எடுத்திருக்கிறார். முன் பிரேக் மட்டும்தான் பூட்டியிருந்தேன். கேட்டைத் தாண்டி, நாற்பது வீடு தாண்டி, திருப்பம் வரை ஒழுங்காகப் போயிருக்கிறார். அங்கே சலவைக்கடை வேன் ஓரமாக நின்றிருந்தது. இடது பக்கம். நேராக அதில் போய்...

டிரைவர் இவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு நின்றார். முழங்கை தோல் வழன்று ரத்தம். நெற்றியில் வீக்கம். எலும்புக்கு ஒன்றுமில்லை. "ஹாரன் கூட அடிச்சேன்மா, திரும்பவே இல்ல" என்றார் டிரைவர்.

"அவ்வளவு பெரிய வேன் தெரியலையா உங்களுக்கு?" நான் கத்திவிட்டேன். தெருவே பார்த்தது.

இவர் என்னையே பார்த்தார். வேன் இவருடைய இடது தோளில் இடிக்கிற தூரத்தில் நிற்கிறது.

"எந்த வேன்?" என்றார்.

ஏப்ரல் 8, செவ்வாய்

இன்று உடற்பயிற்சி அம்மாவிடம் போனோம். ஒரு தாள் முழுக்கச் சின்னச் சின்னக் கோடுகள். எல்லாவற்றையும் குறுக்கே அடிக்கச் சொன்னார். இவர் நிதானமாக அடித்து, பேனாவை மூடி, "முடிஞ்சுது" என்றார். அந்த அம்மா தாளை வலது பக்கமாக நகர்த்தினார். அடிக்காத பாதி இவர் கண்ணுக்கு முன்னால் வந்தது.

எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார் என்று சொல்ல முடியாது.

ஆட்டோவில் வரும்போது கேட்டார். "என் புரூஃபைப் படிச்சியா?"

"படிச்சேன்."

"எத்தனை விட்டிருக்கேன்?"

பொய் வாய்வரை வந்தது. "பதினேழு."

"பதினேழு!" என்றார். வேனில் மோதியதற்குக் கூட இவர் இப்படிக் குன்றிப் போகவில்லை.

ஏப்ரல் 9

சாப்பிடும்போது தட்டை இவரே திருப்பி வைத்துக்கொண்டார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

ஆறு நாள் கழித்து வாயைத் திறந்தார். நான் ஒரு செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன்.

"முதல்லயே சொல்லியிருந்தா நான் குதிச்சிருப்பேன். ஒரு நாலு நாள். அப்புறம் அடங்கியிருப்பேன். அந்த நாலு நாளுக்குப் பயந்து என்னை வேன்ல கொண்டுபோய் விட்டுட்டே."

"நாலு நாளுக்கு மட்டும் இல்ல" என்றேன். மார்ச் 27இல் எழுதினதை அப்படியே சொன்னேன். இவர் வீட்டிலேயே இருப்பது எனக்குப் பிடித்திருந்ததை. தலை நிமிராமல் சொன்னேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"எனக்கு அந்த ஜன்னல் பிடிக்கல" என்றார். "ஒரு நாள்கூடப் பிடிச்சதில்ல."

கொஞ்ச நேரம் கழித்து: "ரெண்டு பேர் மிதிக்கிற வண்டி செய்வியா? முன்னாடி பாக்கத் தெரிஞ்சவங்க உக்காரட்டும். பின்னாடி நான் மிதிக்கறேன். ஆனா ஒண்ணு. முன் சீட்ட உனக்கு மட்டும் அளந்து வைக்காத. யார் வந்தாலும் ஏறுற மாதிரி இருக்கணும்."

குத்தத்தான் சொன்னார். வாங்கிக்கொண்டேன்.

மே 6, செவ்வாய்

மூன்று சக்கர வண்டியைப் பிரித்தாயிற்று. வளைந்துபோன முன் சக்கரத்தைத் தவிர மற்றதெல்லாம் உதவும்.

இரண்டு பழைய சட்டத்தை அறுத்துப் பட்டறையில் நீளமாக இணைத்தேன். முன் சீட்டுக்குக் குழாய் ஒரு முழம் ஏறி இறங்கும். முதல் வெள்ளோட்டம் வாசலிலேயே முடிந்தது. நான் நிறுத்துகிறேன், இவர் மிதிக்கிறார். இருவரும் செடியில்.

"நிறுத்தப் போறேன்னு சொல்லணும்ல?"

"பிரேக் பிடிச்சா தெரியாதா?"

"பின்னாடி உக்காந்து பார். உன் முதுகுதான் தெரியுது."

ஆகவே இப்போது எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே ஓட்டுகிறேன். திரும்பறேன். மேடு. பள்ளம். நிறுத்தறேன்.

மே 19, திங்கள்

எக்ஸ்பிரஸ் வந்திருந்தார். அச்சகத்தில் இவரே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம், போனில். எனக்குக் கூடத் தெரியாது. இவர் பார்த்த தாளை மூன்று மாதத்துக்கு இன்னொருவரும் பார்ப்பார், அதற்குப் பிறகு யோசிக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். யோசித்து என்ன சொல்வார்களோ.

தினமும் ஒரு பக்கம் பழகுகிறார். தாளின் இடது ஓரத்தில் ஒரு மர ஸ்கேலை வைத்து, ஒவ்வொரு வரிக்கும் கண்ணை அதுவரை இழுத்துக்கொண்டு போய்த் திரும்புகிறார். இன்று நாலு விட்டார். ஒரு நாள் இரண்டு. ஒரு நாள் ஒன்பது; அன்று தாளைக் கிழித்தார்.

ஜூன் 12, வியாழன்

வேலைக்கு முதல் நாள். நாற்பது நிமிடம். சிக்னலில் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். இவர் முறைத்தாராம், எனக்கு எங்கே தெரியும். இரண்டு பிரேக்கும் என் கையில். தோள் வலி கொல்கிறது.

அச்சக வாசலில் கை கொடுக்கப் போனேன். "போ, கடையத் திற" என்றார். திரும்பி வரும்போது பின் சீட் காலியாக ஆட, வண்டி நாய்க்குட்டி மாதிரி என் பேச்சைக் கேட்கவே இல்லை.

சாயங்காலம் அழைத்துவரப் போனபோது, "எத்தனை?" என்று நான் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை.

ஜூலை 3, வியாழன்

இரண்டு நாளாகக் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை. இன்று காலை கேட் சத்தம். எக்ஸ்பிரஸ் வந்து முன் சீட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். நேற்றே ஏற்பாடு செய்துகொண்டார்களாம் இருவரும்.

படுத்தபடியே காது கொடுத்தேன். வண்டி வாசலைத் தாண்டியது. "யோவ், திரும்பறதுன்னா திரும்பறேன்னு சொல்லுய்யா!" என்று இவர் அதட்டுகிறார். எக்ஸ்பிரஸ் ஏதோ முனகினார். "அவ சொல்லுவா. நீ சொல்லு."

சத்தம் தெருமுனை வரை கேட்டது. போர்வையை இழுத்துக்கொண்டு தூங்கிவிட்டேன். எழுந்தபோது மணி பதினொன்றரை.